வெலிங்டனுக்குப் பிள்ளையை அனுப்பும் திண்டுக்கல் பெற்றோர்க்கு ஒரு மடல்



திண்டுக்கல் நகரிலும், அதைச் சுற்றி வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், சாணார்பட்டி என்று விரிந்து கிடக்கும் சமவெளி ஊர்களிலும், இராணுவத்துக்குத் தேர்வு பெற்றுப் பயிற்சிக்குப் புறப்படும் பிள்ளைகளின் தாய் தந்தையராகிய உங்களுக்கு, அஞ்சல் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற கிழவன் ஒருவன் இந்த மடலை எழுதுகிறேன். துப்பாக்கியைத் தொட்டறியாதவன் நான். எனினும், 56 ஏ.பி.ஓ. என்ற இராணுவ அஞ்சல் விலாசத்திலிருந்து வந்த கடிதங்களை, எழுத்தறியாத தாய்மார்களின் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறேன்; அவர்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; விடுமுறையில் வந்த சிப்பாய்கள், அந்தப் பதில்கள் அங்கே எப்படிப் படிக்கப்பட்டன என்று பிற்பாடு சொல்லக் கேட்டுமிருக்கிறேன். இந்த மடலை எழுத எனக்குள்ள யோக்கியதை அவ்வளவே.

உங்களில் பலர் இந்நாட்களில் ஒரு விசித்திரமான சங்கடத்தில் இருக்கிறீர்கள். தெருமுனையில் பிள்ளையின் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டுச் சிங்கம், புலி என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எதிர்வீட்டாரும் பங்காளிகளும் வந்து, கொடுத்து வைத்தவர்கள் நீங்கள் என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆகையால் அழுதால் பெருமைக்குக் குறைவு, அழாவிட்டாலோ நெஞ்சை அடைக்கிறது. அந்த ஃப்ளெக்ஸைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரு தோட்டாவைக்கூடக் கையில் வாங்காத பிள்ளையைச் சிங்கமாக்கிச் சந்தியில் நிறுத்துவது, அவன் தலையில் நாம் ஏற்றும் முதல் மூட்டை. அதன் கனம் எங்கே போய்த் தெரிகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் விசனத்தின் மூலம் எது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஆபத்து நேருமோ என்னும் அச்சம் அதில் சிறுபங்குதான். பயிற்சி நிலையத்தில் எதிரி எவனும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். பெரும்பங்கு வேறு. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடிப்பவனே முதல் தரம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, விடியுமுன் அவனை எழுப்பி விட்டவள் தாய். குளத்துக் கரையிலோ தார்ச்சாலை ஓரத்திலோ அவன் ஓட, கைபேசியில் விநாடி எண்ணிக்கொண்டு பின்னாலேயே வண்டியில் போனவர் தகப்பனார். 9 அடிப் பள்ளம் தாண்டிப் பழகுவதற்குக் கொல்லையில் மண்வெட்டி பிடித்தவர் பாட்டனார். மீசை அரும்பாத பிள்ளைக்குத் திருமணமாகவில்லை என்று சான்றிதழ் வாங்குவதற்கு அலைந்து, அதைச் சொல்லி வீடே சிரித்திருக்கும். பதினேழரை வயதிலேயே சேரலாம் என்றிருப்பதால், பதினெட்டு நிரம்பாதவனுடைய சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரே கையொப்பமிட வேண்டும் என்பது விதி. ஆகவே உங்களில் சிலர் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தும் இருக்கிறீர்கள். இப்படி முட்டை அவிப்பதிலிருந்து கையெழுத்துப் போடுவது வரையில் ஒவ்வொரு காரியத்திலும் உங்கள் கை இருந்தது. அவன் பெட்டியோடு பேருந்தில் ஏறிய மறுநாள் காலை, நாலரை மணிக்கு விழிப்பு மட்டும் வழக்கம்போல் வருகிறது, எழுப்புவதற்குத்தான் ஆளில்லை. பழகிய வேலை ஒரே நாளில் பறிபோன கை இது. சும்மா இருக்கும் கைக்குப் பக்கத்தில் மனம் எதையெல்லாம் கற்பிக்குமோ அதையெல்லாம் கற்பிக்கிறது. உங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்லவே நான் எழுதுகிறேன். அந்த வேலை இன்னதென்று சொல்வதற்கு முன், அவன் போகும் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நம் மாவட்டம் கோயம்புத்தூர் ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் எல்லைக்குள் வருவது. அங்கிருந்து பிள்ளைகள் பல திசைக்குப் பிரிகிறார்கள்: மதராஸ் சாப்பர்கள் என்று கியாதி பெற்ற பொறியியல் பிரிவாயின் பெங்களூர், பீரங்கிப் பிரிவாயின் ஹைதராபாத் அல்லது நாசிக், கடற்படையாயின் ஒடிசாவின் சில்கா, விமானப்படையாயின் பெலகாவி. பெண்மக்களும் இப்போது போகிறார்கள். 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்து வெளிவந்த, அக்னிவீரர் எனப்படும் நான்காண்டுத் திட்டத்து வீரர்களின் முதல் அணியிலேயே பெண்கள் இருந்தனர். ஆகவே, நான் மகன் என்று எழுதும் இடத்திலெல்லாம் மகளையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். காலாட்படைக்குப் போகும் நம் பிள்ளைகளில் அநேகருக்கு வாய்ப்பது நீலகிரியின் வெலிங்டன். 1758-ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொண்டாடும் மதராஸ் ரெஜிமெண்ட், தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளைச் சிப்பாய்களாக்குவது அந்த மலையில்தான். ஏறத்தாழ 31 வாரப் பயிற்சியில் முதல் 10 வாரம் அடிப்படை. உங்களுக்கும் அவனுக்கும் கடினமானவை அந்தப் பத்து வாரங்களே.

முதல் நாளிலேயே முடி போய்விடும். சிறுமலைக் காற்றையே குளிர் என்று சொல்லிப் பழகியவன், ஆறாயிரம் அடி உயரத்தில் விடியுமுன் மைதானத்தில் நிற்பான். கட்டளைகள் ஹிந்தியில் வரும். சாவதான், விஷ்ராம் என்பவற்றைக் காது கற்றுக்கொள்ளுமுன் கால் கற்றுக்கொள்ள வேண்டும். சொல்லிக் கொடுப்பவரை உஸ்தாத் என்றும், பொதுச் சமையற்கூடத்தை லங்கர் என்றும், விடுமுறையைச் சுட்டி என்றும் அவன் சொல்லத் தொடங்குவான். முதல் தடவை அந்தச் சொற்களைக் கேட்கும் தாய்க்கு, பிள்ளை பாதி கைவிட்டுப் போனதுபோல் இருக்கும். கவாத்து, உடற்பயிற்சி, துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டுவது, சுமையோடு ஓடுவது, படுக்கையை மடிப்புக் கலையாமல் விரிப்பது, பூட்ஸில் முகம் தெரிய மெருகேற்றுவது என்று இரவு விளக்கணைக்கும் வரையில் அவனுக்கு ஒரு நிமிஷம் சொந்தமாக இராது. உஸ்தாத் திட்டுவார், ஒருவன் செய்த தவறுக்கு அணி முழுவதும் ஓடும். வீட்டில் தட்டைக் கழுவாதவன் அங்கே தட்டைக் கழுவுவான் என்று சில தாய்மார்கள் மகிழ்வதையும் கேட்டிருக்கிறேன், மகிழட்டும். கைபேசி அவன் கையில் இராது; பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சிறிது நேரம் கொடுப்பார்கள், மற்ற நாட்களில் வாங்கி வைத்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்தேன் என்ற சொல்லோடு அவன் குரல் நின்றுபோனால், ஏதோ விபரீதம் என்று பதறாதீர்கள்; விபரீதமாயின் நிலையத்தார் தாமே தெரிவிப்பார்கள். சேதி இல்லாதிருப்பதே அங்கே க்ஷேமம்.

அனுப்பி வைக்கும் கூட்டங்களில் நம் மேடைப் பேச்சாளர்கள் தவறாமல் ஒரு காரியம் செய்கிறார்கள். மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டு முதுகில் புண்பட்டானா என்று தேடிப் போன புறநானூற்றுத் தாயை அழைத்து வந்து உங்கள் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். அவள் மகா கவிகளின் சிருஷ்டி. அவளை நான் வணங்குகிறேன். ஆனால் நிலக்கோட்டையில் பூப்பறித்துவிட்டு வந்து கணுக்கை வலிக்க உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம், நீ ஏன் அவளைப்போல் இல்லை என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. தமிழகத்தின் சில ஊர்களில், 1914–1919 மகாயுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று பொறித்த கற்பலகைகள் உண்டு. எண்ணிக்கை இருக்கிறது, அவர்களை அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லிலும் இல்லை. அந்த வரிசையில் வந்தவர்கள் நீங்கள். அழத் தோன்றினால் அழுங்கள். கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதோ, சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றுவதோ, பேகம்பூர் பள்ளிவாசலில் துவா செய்வதோ, எது உங்களுக்குப் பழக்கமோ அதைச் செய்யுங்கள். அந்த அழுகையை அவன் பக்கம் திருப்பி விடாதீர்கள் என்பது மட்டுமே நான் சொல்வது.

இனி அந்த வேலை. கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்ஆப் காலத்தில் தபால்காரன் வேறென்ன சொல்வான் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆயினும், கைபேசி இல்லாத ஆறு நாட்களில் அவன் தொட்டுப் பார்க்கக்கூடிய வீடு என்று ஒன்று உண்டானால் அது காகிதந்தான். இன்லண்டுக் கடிதம் இரண்டரை ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் என்ன எழுதுவது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

வேடசந்தூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்திக்கு நான் நெடுங்காலம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதத் தொடங்குமுன் முந்தானையால் கண்ணை அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் சொல்ல ஆரம்பிப்பாள். சிவப்பி கன்று போட்டிருக்கிறது, கிடேரி. கிணற்று மோட்டார் எரிந்துபோய்ச் சுற்றிப் போட்டாயிற்று. உன் கைலியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், தம்பியைத் தொட விடவில்லை. மாசித் திருவிழாவில் பூச்சொரிதலுக்குப் போன வருஷத்தைவிடக் கூட்டம். சின்ன அத்தை இன்னும் உன்னிடம் கோபமாகத்தான் இருக்கிறாள். அவ்வளவுதான் கடிதம். பாசம் என்ற சொல்லோ ஏக்கம் என்ற சொல்லோ அதில் ஒரு தடவைகூட வந்ததில்லை. வேறொரு வீட்டில், உன்னை நினைத்து மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, அப்பாவுக்கு நெஞ்சுவலி, கடன்காரன் வாசலில் நின்று பேசினான், எப்போது வருவாய் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன், அது என் உத்தியோகம். பின்னால் இவ்விரு பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்தபோது நான் கண்டது இது: முன்னவன், சிவப்பியின் கன்று எங்கே என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான், பின்னவன், அந்தக் கடிதம் வந்த இரவு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேட்டைத் தாண்டி ஓடிவிடலாமா என்று எண்ணியதாக என்னிடம் சொன்னான். எழுதியவர்களின் அன்பில் ஏற்றத்தாழ்வு ஒன்றுமில்லை. வீடு தான் விட்டுவந்தபடியே நடந்துகொண்டிருக்கிறது, தன் இடம் அதில் அப்படியே இருக்கிறது என்ற நிச்சயம் ஒருவனுக்குக் கிடைத்தது. தான் இல்லாமல் வீடு சரிகிறது என்ற பயம் மற்றவனுக்குக் கிடைத்தது. அவனைச் சிப்பாயாக்கும் பொறுப்பு உஸ்தாத்துகளிடம் இருக்கிறது, அவர்கள் அதைச் செவ்வனே செய்வார்கள். அவன் கைலி இருக்கும் கொடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது.

பொய் எழுதச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பாட்டி இறந்துபோனால் இறந்தாள் என்றே தெரிவிக்க வேண்டும். மறைத்து வைத்துப் பின்னால் தெரிந்த பிள்ளைகள் ஆயுள்வரை மன்னித்ததில்லை. மோட்டார் எரிந்தது என்று அந்தத் தாயும் சொல்லத்தானே செய்தாள். சுற்றிப் போட்டாயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

தகப்பன்மாரைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. தாய் சொல்லி முடிக்கும் மட்டும் தூணில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டு, தமக்குச் சம்பந்தமில்லாதது போல் நிற்பார்கள். கடிதத்தை மடித்து ஒட்டப் போகும் சமயத்தில், “அங்க குளிரு ஜாஸ்தியாம், காதைக் கட்டிக்கிறச் சொல்லி ஒரு வரி எழுதுங்க சார்” என்பார்கள். இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் முதலில் தேடிப் படித்தது அந்த ஓரத்தைத்தான் என்று பின்னால் அறிந்தேன். ஐயா, நீங்களே எழுதத் தெரிந்தவர். இந்தத் தடவை ஓரத்துக்குக் காத்திராதீர்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிப்பது யோக்கியமாகாது. 2022 ஜூன் 14-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்கீழ்தான் இப்போது சிப்பாய்களைச் சேர்க்கிறார்கள். முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேமநிதிக்குப் போய், 21,000 கைக்கு வரும். அரசாங்கமும் அந்த நிதிக்குச் சமபங்கு போட்டு, 4 ஆண்டு முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாயாகக் கொடுக்கும். ஓய்வூதியம் கிடையாது. நான்காண்டு முடிந்தபின் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரையே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இருபத்துச் சொச்சம் வயதில் ஊர் திரும்புவார்கள். 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய முதல் அணிக்கு அந்தக் கெடு 2026-இன் இறுதியை ஒட்டி வருகிறது. இத்திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதத்தைப் பத்திரிகைகளுக்கும் சட்டசபைக்கும் விட்டுவிடுகிறேன். எனினும், பழைய காலத்துப் பதினைந்து வருஷ உத்தியோகத்தையும் பென்ஷனையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அவன் முதல் சம்பளம் வருமுன்பே, அதை நம்பி மாடி கட்டக் கடன் வாங்குவதும், தங்கையின் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதும் பெருந்தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த 11 இலட்சம் அவனுடைய இரண்டாம் வாழ்க்கைக்கு மூலதனம். அவன் வெயிலில் நிற்கும்போது, வட்டிக் கணக்கும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம்.

ஃப்ளெக்ஸைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனல்லவா? உங்களிடம் எவரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு: போகிறவர்கள் எல்லோருமே முடிப்பதில்லை. தாரிலும் கல்லிலும் ஓடி ஓடிக் கால் எலும்பில் மயிரிழை விரிசல் காண்பது உலகமெங்கும் படைப்பயிற்சியில் சகஜம்; சில மாதம் படுக்க வைத்துப் பின்வரும் அணியோடு சேர்த்துவிடுவார்கள், சிலரை மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். உடம்பு தாங்கியும் மனம் ஒவ்வாமல் திரும்பி வருபவர்களும் உண்டு. அப்படித் திரும்பிய பிள்ளை ஒருவன், சிங்கம் என்று ஃப்ளெக்ஸ் கட்டிய ஊருக்குள் பகலில் வரக் கூசி, இரவு கடைசிப் பேருந்துக்காகத் திண்டுக்கல் நிலையத்திலேயே அன்று முழுவதும் உட்கார்ந்திருந்ததை நான் அறிவேன். அவன் களவாடவில்லை, கொலை செய்யவில்லை. பதினெட்டு வயதில் ஒரு வேலை அவனுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவே. ஊர் நாலு நாள் பேசும், ஐந்தாம் நாள் வேறொன்றைப் பேசும். ஆனால் அந்த நாலு நாளும் தகப்பன் அவனோடு பேசாதிருந்தால், அது நாலு நாளில் தீராது. ஆகையால், அவன் புறப்படும் முன்பே, பிறர் காதில் விழாமல், முடியாவிட்டால் வந்துவிடு, கதவு திறந்திருக்கும் என்று ஒரு தடவை சொல்லி அனுப்புங்கள். அப்படிச் சொன்னால் தைரியம் குறைந்துவிடுமே என்று சில தகப்பன்மார் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். திரும்பி வர வழியுண்டு என்று தெரிந்தவன் எளிதில் திரும்புவதில்லை. வழி அடைபட்டதாக எண்ணியவனோ என்ன செய்வான் என்று சொல்ல முடியாது.

முடிப்பவர்களுக்கு ஒரு நாள் வரும். கசம் பரேடு என்று அவர்கள் சொல்லும் உறுதிமொழி அணிவகுப்புக்கு உங்களையும் அழைப்பார்கள். பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவை சென்று, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற வேண்டும். பஸ்ஸிலும் போகலாம், குன்னூரைத் தாண்டினால் வெலிங்டனுக்கென்றே ஒரு சிறு நிலையம் வைத்திருக்கும் மலை ரயிலிலும் போகலாம். கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள். அணிவகுப்பில் உங்கள் பிள்ளை எவன் என்று உங்களுக்கே கண்டுபிடிக்க வராது. எல்லோரும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே முகமாகத் தெரிவார்கள். அது உங்கள் கண்ணின் குற்றமன்று. அப்படித் தெரிவதற்குத்தான் ஏழு மாதம் பாடுபட்டார்கள். சில பயிற்சி மையங்களில் பெற்றோர்க்கும் கௌரவப் பதக்கம் என்று ஒன்று அணிவிக்கிறார்கள். கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், நாலரை மணிக்கு எழுந்தவர்கள் நீங்களும்தானே. விழா முடிந்து பக்கத்தில் வந்ததும், இளைத்துவிட்டாய் என்று தொடங்காதீர்கள். பிரியாணி கொண்டு போக ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வழியில் ஊசிப்போகும், சிறுமலை வாழைப்பழம் தாங்கும்.

அதற்கு முன்னால் முதல் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பேசுவதற்கு அவனுக்குக் கிடைப்பது சில நிமிஷங்களே. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அடிக்கிறார்களா என்று நீங்களே அந்த நேரத்தை நிரப்பிவிடாமல், முதலில் அவனைப் பேச விடுங்கள். அவன் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் கேட்டால், கன்று போட்ட விஷயத்தைச் சொல்லுங்கள்.

மற்ற ஆறு நாளுக்குக் கடிதம். கடிதத்தின்மேல் அவன் எண், பெயர், கம்பெனி, பிளட்டூன் ஆகியவற்றை அவன் சொன்னபடியே தெளிவாக எழுதி, அதன்கீழ் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர், வெலிங்டன், நீலகிரி என்று குறிப்பிடுங்கள். பின்கோடு 643 231, அதை விட்டுவிடாதீர்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியன்,
திண்டுக்கல்.